உள்ளிணைப்பு அன்று, பிணையல்

தண்ணீர் வராத மூன்றாம் நாள் தெருமுனையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: ‘அண்டை உள்ளாட்சிகளின் குடிநீர் அமைப்புகளை உள்ளிணைப்புச் செய்தல்.’ பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏய்யா, வீட்டுக்குள்ள வார கனெக்சனைத்தான சொல்லுதான்? அதுக்கு வேற டெபாசிட் கேப்பானோ?”

அவர் மேல் பிழையில்லை. இன்டர்கனெக்‌ஷனை இப்படிப் பெயர்த்தவர் மேல்தான் பிழை. லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘நெக்டெரே’ என்றால் கட்டுதல். உள்ளே என்பதற்கு ‘இன்ட்ரா’ என்று வேறொன்று இருக்கிறது. ஓரிரு எழுத்து மயக்கத்தில் ஊர்களுக்கு இடையே போகும் குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது.

பொருள் இதுதான்: இரண்டு ஊர்கள், தனித்தனி உறைகிணறு, தனித்தனி மேல்நிலைத் தொட்டி. நடுவே ஒரு குழாய், அதில் வால்வும் மீட்டரும். வழக்கமாக வால்வு மூடியே இருக்கும். ஓர் ஊரில் மோட்டார் எரிந்தால் திறப்பார்கள். அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் தண்ணீர் போகும், போகாவிட்டால் பம்பு வைக்க வேண்டும். சிலர் இதையே கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்கிறார்கள். அது வேறு. அதில் ஆறு ஒன்று, ஊர் பல. ஆற்றில் தண்ணீர் எடுக்கும் இடம் படுத்தால் எல்லா ஊரும் படுக்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது பார்த்தோமே, ஊரெல்லாம் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. (ஒரே ஆற்றில் கிடக்கும் இரண்டு கிணறுகளைக் கோத்திருந்தாலும் அன்றைக்கு உதவியிராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

‘இடையிணைப்பு’ என்று திருத்திவிட்டால் போதாதா என்பார் நண்பர் ஒருவர். போதாது. நெல்லைச் சீமையில் ‘இணைப்பு’ ஏற்கெனவே சுமை தாங்காமல் கிடக்கிறது. வீட்டுக் குழாய்க்கு மனு கொடுத்தால் அது குடிநீர் இணைப்பு. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு என்றால் நதிநீர் இணைப்பு. 1994-இல் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூரைச் சேர்த்து நெல்லை மாநகராட்சி ஆனதே, அதுவும் இணைப்பு. ஆகவே ‘அண்டை ஊர் இணைப்பு’ என்று சொன்ன மாத்திரத்தில் பஞ்சாயத்துக்காரர்கள் வீட்டுவரி ஏறிவிடும் என்று கொடி பிடிக்கிறார்கள். ‘ஒன்றோடொன்று இணைத்தல்’ என்பதோ சொல்லே இல்லை, விளக்கம். வால்வுத் தொட்டி மூடியில் எழுத இடம் காணாது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டுமுன் ஒரு நாள் தண்ணீர் திறந்துவிடுகிறவரோடு நடந்து பார்க்கலாம்.

நான் சொல்வது பிணையல். கையால் கதிரடித்து முடிந்த நெல்தாளைக் களத்தில் பரப்பி, மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டி மிதிக்க விடுவோமே, அதற்குப் பெயர் பிணையல். நிதானமான மாடு உள்பக்கம், வேக மாடு வெளிப்பக்கம். ஒவ்வொரு மாடும் ஒவ்வொருவர் வீட்டு மாடாக இருக்கலாம். பொழுது சாய்ந்ததும் கயிற்றை அவிழ்த்தால் அதது அதன் தொழுவுக்குப் போய்விடும். ஊர் கலக்காது, குழாய் மட்டும் சேரும் என்பதை வேறெந்தச் சொல் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும்? கோர்ட்டில் ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதும் பிணைதான். அமெரிக்காவில் இத்தகைய குழாய்க்கு ‘இன்டர்டை’ என்றும் பெயர். கலிபோர்னியாவின் ஹேவர்டில் 2007-இல் முடித்த குழாய்க்கு அந்தப் பெயர்தான். ‘டை’ என்றால் கட்டு. அவர்களுக்கும் கயிறுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

பெரியவரிடம் ‘குழாய்ப் பிணையல்’ என்று சொல்லிப் பார்த்தேன். சற்று யோசித்தார்.

“சரி, அதுல ஒரு மாடு படுத்துட்டுன்னா?”

“அதுக்குத்தான் தாத்தா வால்வு.”