ஒரு பாட்டிலில் ஓடை அடங்காது

போன வாரம் மறுபடியும் ஒரு பாட்டில். பழைய கோலா பாட்டில், மூடியில் இன்னும் பிசுக்கு. வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் அதை எங்கள் ஆய்வுக்கூட மேஜையில் வைத்து, "எங்க ஓடைத் தண்ணி சார். மண்ணு எவ்வளவு போகுது, உரம் எவ்வளவு போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். எப்போது பிடித்தது? "மழை விட்டு மூணாம் நாளு. அப்பத்தானே தண்ணி தெளிஞ்சிருக்கும்?"

தெளியறதுக்குள்ள எல்லாம் போயிருச்சுண்ணே.

ஒரு சோறு பதம் பார்ப்பது பானைக்குச் சரி, பானை ஒரே சீராக வெந்திருக்கிறது. ஓடை மணிக்கு மணி மாறும். சிறுமலை அடிவாரத்து ஓடைகள் வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு கனமழை பெய்தால், வருஷத்து மண்ணில் பெரும்பங்கு அந்தச் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும்.

இதைவிட எரிச்சல் தருவது, அறிக்கையில் 'வண்டல், லிட்டருக்கு 50 மில்லிகிராம்' என்று பார்த்ததும் "கம்மிதான்" என்று மடித்து வைப்பது. நெல் கிலோ என்ன விலை என்று தெரிந்தால் எத்தனை மூட்டை விற்றது என்று தெரிந்துவிடுமா? அதை ஓடும் தண்ணீரின் அளவால் பெருக்க வேண்டும். வெள்ளத்தன்று நொடிக்கு ஒரு கனமீட்டர் ஓடி, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வண்டல் இருந்தால், மணிக்கு 3.6 டன். மூன்றாம் நாள் நொடிக்கு 20 லிட்டர், அந்த 50 மில்லிகிராம் என்றால் மணிக்கு 3.6 கிலோ. ஓடை ஒன்றுதான்.

உரத்திலுள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் களிமண் துகளைப் பிடித்துக்கொண்டே போகும். நைட்ரேட் கரைந்து போவதால் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். பாஸ்பரஸ் பார்க்கக் கோலா பாட்டில் கொண்டுவருவதைப் பற்றி என்ன சொல்ல, கோலாவில் சேர்ப்பதே பாஸ்பாரிக் அமிலம்!

பாட்டிலை நாங்களே தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறும்போது ஒன்று, உச்சத்தில் ஒன்று, வடியும்போது ஒன்று பிடியுங்கள். ஏறும்போதுதான் பெரும்பாலும் கலங்கல் அதிகம். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், தண்ணீர் மட்டம் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியை விட்டால் போதும். ஓடைக்குள் இறங்கவே கூடாது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால் வாளியும் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு வெள்ளம் வந்தா சார்?" என்றார். தூங்குங்கள். காலையில் பாலத் தூணில் சருகும் வைக்கோலும் ஒட்டிய கோடு தெரியும். அது எத்தனை அடி உயரம் என்று மட்டும் அளந்து சொல்லுங்கள், அதுவே எனக்குப் பாதிக் கணக்கு.