ஒரே களிப்பாறை, ஆளுக்கொரு பெயர்

நிலக்கரிப் பாறைகளில் பெரிய தலைவலி என்னவென்றால், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வேர் ஊடுருவிய பழைய மண், கரி, களிப்பாறை, மணற்பாறை, மறுபடியும் மண், கரி என்று இதே வரிசை நூற்றுக்கணக்கான மீட்டருக்குத் திரும்பத் திரும்ப வரும். போதாக்குறைக்கு ஒரு கரி அடுக்கு கொஞ்ச தூரம் போனதும் இரண்டாகப் பிரியும், இல்லையென்றால் காணாமலே போய்விடும். பாறையை ஆராய நிலத்தில் போட்ட இந்தத் துளையில் வந்த கரியும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போட்ட துளையில் வந்த கரியும் ஒன்றுதானா என்று எதை வைத்துச் சொல்வது?

கடல் களிப்பாறையை வைத்துத்தான். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வடமேற்கு ஐரோப்பா தாழ்வான சதுப்புக்காடு. தெற்கே கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் பனி உருகும்போதெல்லாம் கடல் மட்டம் ஏறி, காட்டை மூழ்கடித்து, கறுப்புச் சேற்றைப் படிய வைத்தது. அந்தச் சேறு பாறையான பிறகு பல இடங்களில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. ஆனால் வெள்ளம் பல நிலக்கரி வயல்களை ஏறக்குறைய ஒரே காலத்தில் மூடியது, அதனால்தான் இந்த மெல்லிய அடுக்குக்கு இத்தனை மதிப்பு.

சரி, அது கடல் அடுக்குதான் என்று எப்படித் தெரியும்? பாறையைத் தகடு தகடாகப் பிளந்து பார்க்க வேண்டும். நகம் போன்ற சின்ன, பளபளப்பான லிங்குலா ஓடு மட்டும் கிடைத்தால் கரையோரம், உப்பு குறைந்த தண்ணீர். சுருள் ஓடுள்ள, இப்போது அழிந்துபோன கடல் உயிரியான கோனியாடைட் கிடைத்தால் திறந்த கடல். கோனியாடைட்டுகள் வேகமாகப் பரிணமித்தவை, எனவே எந்த இனம் என்று பார்த்தே எந்த வெள்ளம் என்று சொல்லிவிடலாம்.

பெயர் வைப்பதில்தான் கூத்து. பாறை அடுக்குக்கு ஊர்ப் பெயரோ உள்ளூர்ப் பெயரோ வைப்பது வழக்கம் என்பதால், ஒவ்வொரு நிலக்கரி வயலும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது. டெர்பிஷையரில் கிளே கிராஸ், டர்ஹாமில் ஹார்வி, தெற்கு வேல்ஸில் அம்மன், பெல்ஜியத்தில் குவாரெஞோன், ஜெர்மனியின் ரூரில் அங்குள்ள கரி அடுக்கின் பெயரால் கத்தரீனா. எல்லாம் ஒரே வெள்ளம்! கடைசியில் பிரிட்டனில் அதிலுள்ள கோனியாடைட்டின் பெயரையே பொதுவாக எடுத்து வாண்டர்பெக்கி கடல் அடுக்கு என்றார்கள். லிங்குலா மட்டுமே கிடைக்கும் இடத்திலும் அதே பெயர்தான், அதாவது அங்கே அந்தப் பெயர் கண்ணால் கண்டதல்ல, ஒரு தீர்ப்பு.

வகைப்படுத்தும்போது இந்த ஒரே அடுக்கு இரண்டு கணக்கில் ஏறுகிறது. பாறைக் கணக்கில், அதன் அடித்தளத்தில் பென்னைன் மிடில் கோல் மெஷர்ஸ் ஃபார்மேஷன் என்ற பாறைத் தொகுதி தொடங்குகிறது. காலக் கணக்கில், 1927இல் நெதர்லாந்தின் ஹீர்லனில் கூடிய நிலவியல் மாநாடு, வெஸ்ட்ஃபேலியன் என்ற காலப் பிரிவின் ஏ, பி பகுதிகள் இரண்டுக்கும் இடையே எல்லையாக வைத்தது இதைத்தான். அந்த ‘பி’ இப்போது டக்மான்டியன், அதன் தொடக்கத்துக்கு மாதிரி இடம் டெர்பிஷையரில் டக்மான்டன் ரயில் பாதைக்காக வெட்டிய சரிவு. என்னைக் கேட்டால் பாறைக் கணக்கில் கொஞ்சம் ஏமாற்று வேலை இருக்கிறது: ஃபார்மேஷன் என்பது பாறை மாறும் இடத்தில் மாற வேண்டும், இங்கே கோட்டுக்கு மேலும் கீழும் அதே கரி, அதே மணற்பாறை. ஆனால் கோடு போட இதைவிட நல்ல இடமும் இல்லை.

புதுத் துளையில் கோனியாடைட் சிக்கவில்லையா? மேலும் கீழும் உள்ள கரி அடுக்குகளின் வரிசையைப் பார்க்கிறார்கள், துளைக்குள் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கும் காமா கதிர்ப் பதிவில் யுரேனியம் சேர்ந்த கறுப்புச் சேற்றுக்குரிய முனை தெரிகிறதா என்று தேடுகிறார்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.