காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

மாரி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும்போது மட்டக்களப்பில் நுளம்புக்குக் கொண்டாட்டம். பிள்ளைக்கு மூன்று நாளாக அனலாய்க் காய்கிறது. நாலாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருக்கிறது. "காய்ச்சல் விட்டுட்டு" என்று அம்மம்மா நிம்மதியாகப் போய்த் தேத்தண்ணி ஊற்றுவார். டெங்கு என்றால், பிள்ளையைவிட்டு நகரக்கூடாத நேரமே அதுதான்.

முதல் சில நாட்கள் வைரஸ் இரத்தத்தில் பெருகுகிறது. காய்ச்சல் அதை எதிர்த்து உடல் போடும் சண்டை. வைரஸ் குறையக் காய்ச்சலும் இறங்கும். ஆனால் அதற்குள், வைரஸ் வெளிவிடும் என்.எஸ்.1 என்ற புரதமும் உடல் சுரந்த வேதிப்பொருட்களும் சேர்ந்து மெல்லிய இரத்தக் குழாய்களின் உட்பூச்சைத் தளர்த்திவிடுகின்றன. வலைக் கண் பெருத்தால் சின்ன இறால் தப்பிவிடும், மீன் மட்டும் நிற்கும். அதுபோல இரத்த அணுக்கள் குழாய்க்குள் தங்க, நீரும் சிறு புரதங்களும் கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகின்றன.

மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது. வார்டில் பிள்ளையின் விரலைத் திரும்பத் திரும்பக் குத்துவது இதைப் பிடிக்கத்தான். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. 35இலிருந்து 42க்கு ஏறினால், அது 20 சதவீத உயர்வு: கசிவு கணிசமாகிவிட்டது. நம் ஆட்களோ, இரத்தம் உறைய உதவும் அணுக்களை நினைத்து, "பிளேட்லட் எவ்வளவு?" என்பதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. பப்பாளி இலைச் சாறு இந்தக் கசிவை அடைக்காது. வாந்தி எடுக்கும் பிள்ளையை இன்னும் குமட்ட வைக்கும், அவ்வளவுதான்.

கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அப்புறம் வெளியேறிய நீர் தானாகவே குழாய்களுக்குத் திரும்பும். சேலைனை அள்ளி ஏற்றியிருந்தால் அந்த நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். "ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது?" என்று தாதியுடன் சண்டைக்குப் போகிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

வீட்டில் என்றால் பரசிற்றமோல் மட்டும், எடைக்கேற்ற அளவில், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் இரத்தப்போக்கைத் தூண்டும்; வேண்டாம். கஞ்சி, இளநீர், ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் வருவது இரத்தமா நிறமா என்று தெரியாமல் போகும். வயிற்றுவலி, விடாத வாந்தி, குளிர்ந்த கைகால், சோர்ந்த தூக்கம், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், நடுச்சாமமானாலும் ஆஸ்பத்திரிதான்.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் உருவாகும் எதிர்ப்புப் புரதம், இன்னொரு வகையை அரைகுறையாகப் பிடித்து, அழிப்பதற்குப் பதிலாக உயிரணுவுக்குள் கொண்டுபோய் விடலாம். இரண்டாம் தடவை மோசமாவது இதனால்தான். 1960களில் பாங்கொக்கில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் ஆராய்ந்தபோது இன்னொன்றும் புலப்பட்டது: முதல் தொற்றிலேயே சில கைக்குழந்தைகளும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் முதல் சில மாதம் காவல் நிற்கிறது. 6 மாதத்தை ஒட்டி அது மெலியும்போது இதே வேலையைச் செய்கிறது. டெங்கு என்று சந்தேகம் வந்தாலே கைக்குழந்தையை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.