நீலகிரியின் அரிவாள் அணுவும் நாளைய மனிதனும்

நீலகிரியின் பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுத்துச் சோதித்த ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1952ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சிலருடைய சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறைந்ததும் அரிவாள் போல வளைந்துகொண்டன. அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பெரிதும் கருதப்பட்ட சிக்கிள் செல், நம் மலைக்காடுகளிலும் இருந்தது. மனிதன் இனி எப்படி மாறுவான் என்ற பேச்சு வந்தாலே எனக்கு இந்த அணுதான் நினைவுக்கு வரும். பெரிய மண்டை, மெலிந்த உடம்பு, கைபேசியைத் தள்ளித் தள்ளி நீண்டுபோன கட்டைவிரல் என்று வரையப்படும் படங்களைவிட, இந்த ஒரு அணு நமக்குக் கற்றுத்தருவது அதிகம்.

அந்தக் கட்டைவிரலை முதலில் முடித்துவிடலாம். வாழ்நாள் முழுக்க நாம் விரலால் எதைத் தள்ளினாலும் அது பிள்ளையின் மரபணுவில் ஏறாது. ஒரு மரபணு பரவுவதும் மறைவதும், அதைச் சுமப்பவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்து பிழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிறிய கூட்டங்களில் வெறும் தற்செயலும் தன் பங்குக்கு விளையாடும். கட்டைவிரல் நீளமானவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பிள்ளை பெற்றால்தான் விரல் நீளும்.

சரி, சிக்கிள் செல்லுக்கு வருவோம். 11ஆம் குரோமோசோமில் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணு இருக்கிறது. அதில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறிப்போகிறது. அதனால் புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறொன்று வந்து உட்கார்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகி, உள்ளிருந்தே அணுவை வளைக்கின்றன. வளைந்த அணு மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கும். எலும்புக்குள் குத்துகிற வலி, சோகை, தொற்று எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த எழுத்தைப் பெற்ற குழந்தைக்குத்தான் நோய் முழுமையாக வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார்.

குழந்தைகளைக் கொல்லும் ஓர் எழுத்து எப்போதோ அழிந்திருக்க வேண்டாமா? மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949ல் இன்னொரு ரத்தக் குறைபாடான தலசீமியாவைப் பற்றி யோசிக்கும்போது, மலேரியாவோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஊகித்தார். (இங்கிலாந்தில் பிறந்த அவர் 1957ல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குடியுரிமை பெற்று, 1964ல் புவனேஸ்வரத்தில் மறைந்தார்.) 1954ல் அந்தோணி அலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு, சிக்கிள் செல் விஷயத்தில் அந்தத் தொடர்பைக் காட்டியது. மாறிய எழுத்தின் ஒரு பிரதி மட்டும் உள்ளவரின் உடலில் மலேரியாக் கிருமி சரியாகப் பெருக முடிவதில்லை. கிருமி புகுந்த அணு எளிதில் வளைய, மண்ணீரல் அதைப் பிடித்து அப்புறப்படுத்திவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆக, இரண்டு பிரதி கொல்லும், ஒரு பிரதி காக்கும். கொசுக்கடிக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்கு இந்தப் பேரத்தில் லாபமே கூடுதலாக இருந்தது.

நீலகிரி அடிவாரமும் வயநாடும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. பணியர், இருளர், குறும்பர் ஆகியோரிடம் இந்த எழுத்து நிலைத்தது அதனால்தான். 1953ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. பூச்சிக்கொல்லித் தெளிப்பு பரவியபின் அந்தப் பேரத்தின் லாபப் பக்கம் சுருங்கத் தொடங்கியது. நஷ்டப் பக்கம் அப்படியே நிற்கிறது.

அப்படியானால் இந்த எழுத்து சீக்கிரம் மறைந்துவிடுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் இந்த மரபணுவின் 100 பிரதிகளில் 10 மாறியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வரும், 18 பேர் ஒற்றைப் பிரதியோடு இருப்பார்கள். மலேரியா அடியோடு ஒழிந்துவிட்டது, நோய் வந்த குழந்தைகளில் ஒருவர்கூடப் பெரியவராகிப் பிள்ளை பெறுவதில்லை என்றே கொள்வோம். இவ்வளவு கொடூரமான நிலையிலும் 10 என்பது 5 ஆகக் குறைய 10 தலைமுறை ஆகும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 250 ஆண்டு. அடுத்து 5 என்பது இரண்டரையாக 500 ஆண்டு, அதன்பின் பாதியாக 1,000 ஆண்டு. எழுத்து அரிதாக ஆக, அது ஒற்றைப் பிரதிக்காரர்களிடமே ஒளிந்துகொள்கிறது. நோயாக வெளியே வராத ஒன்றை இயற்கைத் தேர்வால் தொட முடியாது.

நிஜத்தில் நாம் அந்தக் குழந்தைகளைச் சாகவிடுவதில்லை. விடவும் கூடாது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, தடுப்பூசி, வேளைக்குக் கிடைக்கும் ரத்தம் எல்லாம் சேர்ந்தால் அவர்கள் வளர்ந்து மணம் முடித்துப் பிள்ளை பெறுகிறார்கள். அப்போது மேலே சொன்ன மெதுவான தேய்மானமும் அநேகமாக நின்றுபோகும். இதைக் கேட்டுவிட்டு மருத்துவம் மனித இனத்தைப் பலவீனமாக்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை, அது தவறும்கூட. பலம், பலவீனம் என்பதெல்லாம் சூழலைப் பொறுத்தது. மலேரியாக் காட்டில் கவசமாக இருந்தது மருந்தில்லாத ஊரில் சாபமாகிறது. மருந்துள்ள ஊரில் கண்ணாடி போட்டுக்கொள்வதுபோல் சமாளிக்கக்கூடியதாகிவிடும். மருந்தும் மருத்துவமனையும் இனி நம் சூழலின் பகுதிதான்.

மருத்துவத்தைவிட வேகமாக நிலைமையை மாற்றக்கூடியது கல்யாணம். தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களின் மரபணுவை ஆராய்ந்து 2017ல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 81 குழுக்கள், சிறு கூட்டத்திலிருந்து பெருகி உள்ளுக்குள்ளேயே மணம் செய்ததன் தடயத்தில், உலகில் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பின்லாந்து மக்களையும் அஷ்கனாசி யூதர்களையும் மிஞ்சிவிட்டன. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள பெரிய சமூகங்கள். இது பழங்குடிகளின் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். முறைப்பெண்ணையும் அக்கா மகளையும் கட்டுவது நம் ஊரில் வெகுகாலம் வழக்கமாகவே இருந்தது. இப்போது கணக்கை மாற்றிப் போடுங்கள். 100க்கு 10 மாறிய பிரதி உள்ள ஓர் ஊரும், ஒன்றுகூட இல்லாத அதே அளவுள்ள இன்னோர் ஊரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து முழுதாகக் கலந்துவிட்டால், 100க்கு ஒரு குழந்தைக்கு வந்த நோய் 400க்கு ஒன்றாகிவிடும். முதல் ஊரோடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்கு. இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்த்தால்கூட நோய் பாதியாகிறது. இதற்கு 250 ஆண்டு வேண்டாம், சில தலைமுறை போதும். எழுத்து எங்கும் போகவில்லை, சோடி சேர்வதுதான் குறைந்தது. வரும் நூற்றாண்டுகளில் மனித இனத்தில் நடக்கப்போகிற பெரிய மாற்றம் இந்தக் கலப்புதான் என்று நான் நினைக்கிறேன்.

மாறுவதற்கான சரக்குக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சுமார் 70 புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 13 கோடிக் குழந்தைகள் பிறக்கிறார்கள். பெருக்கினால் 910 கோடி மாற்றங்கள். மனித மரபணுத் தொகுதியின் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள்தான். சராசரியாகப் பார்த்தால், அதன் ஒவ்வோர் எழுத்தும் உலகில் எங்கோ ஒரு குழந்தையிடம் ஆண்டுதோறும் 3 முறை மாறுகிறது.

ஆனால் பிள்ளை பெறும் வயது தாண்டியபின் வரும் கேடுகளை இயற்கைத் தேர்வு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜும் சக ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்டது இதற்குச் சரியான உதாரணம். இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன பிரதி இந்தியாவில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. அது இதயத்தைப் பலவீனமாக்குவது பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு. அதற்குள் பிள்ளைகள் பிறந்து அந்தப் பிரதி கைமாறியிருக்கும்.

இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. எழுத்தைத் திருத்தும் வேலை. இங்கே நீலகிரி மறுபடியும் வருகிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் உண்டு. அது அரிவாளாக வளைவதைத் தடுக்கும். பிறந்த சில மாதங்களில் உடல் அதை ஏறக்குறைய நிறுத்திவிடும். இந்தியாவில் காணப்படும் சிக்கிள் செல் வகையில், நீலகிரியிலும்தான், அந்தக் கரு ஹீமோகுளோபின் பெரியவர்களான பின்னும் ஓரளவு கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் பலருக்கு நோயின் கடுமை குறைகிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி என்ற சிகிச்சையும் இதே வழியில்தான் போகிறது. ரத்த அணுக்களை உருவாக்கும் நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கரு ஹீமோகுளோபினை அணைத்துவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் முடக்கி, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு வைத்திருக்கும் விலை 22 லட்சம் டாலர். நீலகிரியின் கூடலூரில் வலியோடு படுத்திருக்கும் ஒரு குழந்தைக்கு இந்த விலை எந்த வகையில் எட்டும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

2018ல் சீனாவில் ஹே ஜியான்குயி என்ற விஞ்ஞானி செய்தது வேறு. அவர் கருவையே திருத்தினார், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. மறு ஆண்டு அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கருவில் செய்யும் திருத்தம் வழிவழியாக இறங்கும். காஸ்கெவி அப்படி இறங்காது. மாறுவது ரத்தம் மட்டும்தான், கருமுட்டையையும் விந்தணுவையும் அது தொடுவதில்லை. அந்தச் சிகிச்சையால் வலி நீங்கிய ஒரு தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும், அதே பழைய எழுத்தின் ஒரு பிரதியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் பிறக்கும்.