‘வேலை செய்யுது ப்ரோ’ என்றால் போதுமா?

சுவிட்ச் போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனான என்னைக் கூப்பிடுகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் சொல்வது இதைத்தான்: "வீடியோவுல சொன்ன மாதிரியேதாண்ணே செஞ்சேன்." செய்திருப்பார்கள், சந்தேகமில்லை. பிரச்சினையே அதுதான்.

போன வாரம் பார்த்த வீட்டைச் சொல்கிறேன். வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று அந்த வீட்டுத் தம்பி வீடியோ தேடியிருக்கிறார். பழைய வீடு. சாக்கெட்டின் எர்த் முனைக்கு வயரே வரவில்லை. வீடியோக்காரர் சொன்ன வைத்தியம், நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரை இழுத்து எர்த் முனையில் மாட்டுவது. மாட்டினார், ஷாக் நின்றது. பிறகு தரை ஈரமானபோதெல்லாம் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆக ஆரம்பித்தது. அதற்கும் ஒரு வீடியோ இருந்தது: ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணு. அதையும் பண்ணினார். கடைசியில் போர்டுக்குள் நியூட்ரல் ஜாயின்ட் ஒன்று கருகி விட்டுப்போனது. ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குள் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல், அந்தத் துண்டு வயர் வழியாக மெஷினின் தகரம் முழுக்க ஏறி நின்றது. துணி எடுக்கப் போன அம்மா காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கை உதறி விழுந்ததோடு போயிற்று.

"நியூட்ரலும் எர்த்தும் டிரான்ஸ்பார்மர்ல ஒண்ணாத்தானே சேருது?" என்று என்னிடமே கேட்டார். அங்கே சேருகிறது. உங்கள் சாக்கெட்டில் சேரக்கூடாது. ஏன் என்பதைத்தான் அவருடைய அம்மா பார்த்துவிட்டாரே.

எனக்கு எரிச்சல் அந்தத் தம்பி மேல் இல்லை. அவர் போனை நீட்டிக் காட்டிய கமென்ட்டுகள் மேல்தான். "பாருங்கண்ணே, எத்தனை பேர் வேலை செய்யுதுன்னு போட்டிருக்காங்க!" உண்மைதான், வரிசையாக இருக்கிறது: ‘சூப்பர் ப்ரோ’, ‘வேலை செய்யுது ப்ரோ’, ‘300 ரூபாய் மிச்சம்’. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எப்போது எழுதினார்கள் என்று யோசியுங்கள். வயரை மாட்டி, சுவிட்சைப் போட்டு, மெஷின் ஓடியதும் அந்தச் சந்தோஷத்தில் எழுதியது. நியூட்ரல் விட்டுப்போவது ஆறு மாதம் கழித்தோ இரண்டு வருடம் கழித்தோ. அன்றைக்கு அடி வாங்கியவர் பழைய வீடியோவைத் தேடிப் பிடித்து ‘ஷாக் அடித்தது ப்ரோ’ என்று எழுதப் போவதில்லை. ஷாக்குக்குக் காரணம் அந்தத் துண்டு வயர் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே வீடியோவுக்குக் கீழே சேருவது நல்ல செய்தி மட்டும்தான். லட்சம் பேர் சொன்னாலும் அது ‘மெஷின் ஓடியது’ என்பதற்குத்தான் சாட்சி. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் மெஷினை ஓட்ட வைக்கிற சாமான்களே இல்லை. பழுது வருகிற ஒரு நொடிக்காகக் காத்துக் கிடப்பவை. அவற்றைக் கழற்றிவிட்டு ‘நல்லா ஓடுது’ என்பது, ஹெல்மெட் இல்லாமல் கடைக்குப் போய் வந்துவிட்டு ‘ஒண்ணும் ஆகலையே’ என்பது மாதிரி.

கூட்டமும் தளமும் சேர்ந்து எப்படித் தவற முடியும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, சுமார் 2,000 வோல்ட்டை மரப்பலகையில் பாய்ச்சி மின்னல் மாதிரி கோலம் போடும் கைவேலை வீடியோக்கள் கொஞ்ச காலம் பரவின. அமெரிக்காவில் மட்டும் 30 பேருக்கு மேல் இதில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடையே செய்திருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் உயர் வோல்ட் பக்கம் அடிக்கும் ஷாக்கை ஆர்.சி.சி.பி.யால் உணரவே முடியாது. (தொழிலில் இருப்பவர்களே மறக்கிற விஷயம் இது.) 2022இல் ஆஸ்திரேலியாவின் சமையல் யூடியூபர் ஆன் ரியர்டன் இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரித்து வீடியோ போட்டார். யூடியூப் அந்த எச்சரிக்கையைத்தான் ஆபத்தானது என்று முதலில் தூக்கியது. செய்முறை வீடியோக்கள் அப்படியே இருந்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகே திரும்ப வைத்தார்கள். டிஸ்லைக் எண்ணிக்கையோ 2021 நவம்பரிலிருந்தே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதனால் ஒரு இணையதளத்தை ‘மக்கள் சேர்ந்து நடத்தும் தளம்’ என்று யாராவது சொன்னால் நான் பார்ப்பது, அந்த மக்களால் அங்கே என்ன செய்ய முடியும் என்பதைத்தான். விக்கிஹவ், ஐஃபிக்ஸிட் போன்ற இடங்களில் படிப்படியான எழுத்தும் படமும் இருக்கும். தப்பு என்றால் இன்னொருவர் அந்த வரியைத் திருத்தலாம், யார் எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகும். அங்கேயும் தப்பு வரும், ஆனால் திருத்த வழி இருக்கிறது. வீடியோவில் தப்பான வயரைத் தொட்ட கை தொட்டபடியே இருக்கும். போட்டவர் மனது வைத்தால் கீழே ஒரு வரி சேர்ப்பார். மனது வைக்காவிட்டால் சுட்டிக்காட்டியவரின் கமென்ட்டையே அழித்துவிடலாம்.

இன்னொன்று, வீடியோ எந்த ஊருடையது? அமெரிக்காவில் கறுப்பு வயர்தான் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), வெள்ளை நியூட்ரல். நம் வீடுகளில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஐரோப்பிய வீடியோவில் நீலம் நியூட்ரல். நம்மூர் த்ரீ ஃபேஸில் நீலம் ஒரு ஃபேஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. ‘கறுப்பைத் தொடலாம், நீலத்தைத் தொடலாம்’ என்று கேட்டுவிட்டு வேறு நாட்டு போர்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மூரிலேயே பழைய வீடுகளில் கலரை நம்பாதீர்கள். கையில் இருந்த வயரை இழுத்துவிட்டுப் போன வயர்மேன்கள் எங்கள் தொழிலில் நிறைய.

வீடியோவைப் பார்க்கத்தான் போகிறீர்கள், தடுக்க முடியாது. இதையாவது கவனியுங்கள். வேலை தொடங்குமுன் அவர் மெயினை அணைப்பதைக் கேமராவில் காட்டுகிறாரா? சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்சை நியூட்ரலில் போட்ட வீடுகளை நான் பார்க்கிறேன், அங்கே அணைத்தாலும் கரண்ட் உள்ளே நிற்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, எரிகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைக்கிறாரா? எந்தக் கட்டத்தில் நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தடவையாவது சொல்கிறாரா? இதெல்லாம் இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

ட்ரிப் ஆகிற எதையும் ‘பெருசா போடு’, ‘பைபாஸ் பண்ணு’ என்றால் அந்த நிமிடமே மூடுங்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் விழும் சுவிட்ச்) விழுகிறது என்று 32 போட்டால் அப்புறம் விழாது. சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்தான் வேகும். ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சருக்குப் பதில் பெரியது போட்டால் வேகம் கூடும் என்பதும் இந்த ரகம்தான். கூடும், காயில் சூடும் கூடும்.

பிளக் டாப் மாற்றுவது, பல்பு ஹோல்டர் மாற்றுவது போன்றவற்றை மெயினை அணைத்துவிட்டுப் பார்த்துச் செய்யுங்கள், தப்பில்லை. மெயின் போர்டு, எர்த், தண்ணீர் படும் இடம் என்றால் தயவுசெய்து வேண்டாம். வீடியோவின் லிங்க்கை உங்கள் எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பிக் கேளுங்கள். திட்டுவார், ஆனாலும் பதில் சொல்வார்.

இதைப் படித்து முடித்ததும் மெயின் போர்டுக்குப் போய் ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு பட்டனே இல்லை என்றாலோ வீடியோ தேடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.