பென்சனை உதவித்தொகை ஆக்கியது யார்?

போன வாரம் வங்கியில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். "தம்பி, என் பென்சன் ஏறிடுச்சா பாரு" என்று பாஸ்புக்கை நீட்டினார். கவுண்டரில் இருந்தவர், "பென்சன் இல்ல பாட்டி, உதவித்தொகை. பென்சன்னா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்களுக்கு" என்று திருத்தினார். "அதான்யா, அந்த உதவித்தொகை" என்று பாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார். செய்தியிலும் படிவத்திலும் எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்துக்கொண்ட சொல்தான். அன்று பொறுக்கவில்லை.

பாட்டி சொன்னதுதான் சரி. பென்சன் லத்தீன் வழி வந்த சொல். 'பெண்டரே' என்றால் தொங்கவிடு, தராசில் நிறு, அப்புறம் நிறுத்துச் செலுத்து. காசை எடைபோட்டுக் கொடுத்த காலத்துச் சொல் அது. அதிலிருந்து 'பென்சியோ': செலுத்த வேண்டிய தொகை. வாடகைக்கும் அதே சொல் உண்டு. ஓய்வு, வேலை இரண்டுமே அதில் இல்லை. 'ஓய்வூதியம்' என்று ஓய்வைச் சேர்த்தது நாம்தான். ஊதியம் குறளில் ஆதாயம் என்ற பொருளில் வருகிறது. சம்பளம் என்ற பொருள் பிறகு ஏறியது.

சரி, உதவித்தொகைக்கு வருவோம். அரசு ஆணைகளிலேயே ஓரிடத்தில் முதியோர் ஓய்வூதியம் என்றும் இன்னோரிடத்தில் முதியோர் உதவித்தொகை என்றும் வருகிறது. இரண்டாவதை ஆதரிப்பவர்கள், வயலில் கூலிக்குப் போன கிழவிக்கு ஓய்வு ஏது, ஊதியம் ஏது என்று கேட்கிறார்கள். ஓய்வூதியம் பொருந்தாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மாற்று உதவி என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கொடுப்பதில் யார் எங்கே நிற்கிறார் என்பதை நம் மொழி நுட்பமாகப் பார்த்திருக்கிறது. தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', ஒத்தவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு' என்று தொல்காப்பியம் மூன்றையும் பிரித்து வைத்தது. 'உதவி'யில் அந்த மேல் கீழ் நேராக இல்லை. ஆனால் உதவுபவரின் மனம் அதில் இருக்கிறது. உதவலாம், உதவாமலும் இருக்கலாம். இன்னாருக்கு மட்டும் என்று சொல்லலாம், அடுத்த மாதம் நிறுத்தலாம். தனியார் அறக்கட்டளை ஏழை மாணவருக்குக் கொடுப்பதை உதவித்தொகை என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே சொல்லை அரசு முதியவருக்குத் தருவதற்கும் போட்டால், கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. என் முதல் குறை தெளிவு பற்றியதுதான்.

அறத்தைக் குறைத்துப் பேசவில்லை. வள்ளலார் 1867-ல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது வேறு, இது வேறு. காமராஜர் காலத்தில் பள்ளி மதிய உணவு பரவியபோது ஊர்மக்கள் தந்த நன்கொடையும் அதில் கலந்திருந்தது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அந்தப் பொறுப்பை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அந்தச் சோற்றை யாரும் அன்னதானம் என்று எழுதவில்லையே! பிள்ளைகள் விஷயத்தில் இருந்த சொல்லறிவு முதியவர்கள் விஷயத்தில் எங்கே போனது?

அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவைப் பாருங்கள். முதுமை, நோய், உடல் ஊனம், வேலையின்மை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 'உதவி' அதிலும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பக்கத்திலேயே உரிமையும் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் முதல் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். அது வழிகாட்டு நெறிதானே, நீதிமன்றத்தில் நேராகக் கேட்க முடியாதே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டி வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் வரி இருக்கிறது. கட்டியவர் வாங்குகிறார், இதில் யார் யாருக்கு உதவினார்கள்?

'உரி' என்ற அடியில் உரிய, உரியவர், உரிமை எல்லாம் பிறந்தன. ஒருவருக்குச் சேர வேண்டியது என்பதே அடிப்பொருள். 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது 'மகளிர் உரிமைத்தொகை' என்றே பெயர் வைத்தார்கள். மிக நல்ல சொல், ஒரே மாதத்தில் ஊரெல்லாம் பழகிவிட்டது. அதே ஆண்டு முதியோருக்கான தொகை 1,200 ரூபாய் ஆனது. தொகையைக் கூட்டியவர்கள் பெயரைத் தொடவில்லை. 'முதியோர் உரிமைத்தொகை' என்று எழுத எந்தச் செலவும் இல்லை.

அதுவரை 'முதியோர் பென்சன்' என்றே எழுதுங்கள். நான் தனித்தமிழ் விரும்பிதான். ஆனாலும் பாட்டியைக் குரல் தாழ்த்த வைக்கும் தமிழ்ச்சொல்லைவிட, அவர் நிமிர்ந்து கேட்ட லத்தீன் சொல் மேல்.