தள்றதுக்கு எங்கீங்க புடிக்கிறது?

கோவையில் இருந்துகொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் கணக்குப் பார்க்கும் வெப் பக்கங்கள் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "ஏனுங் அம்மிணி, மொத்த பீஸ் ஒண்ணு காட்டுது, சைஸ் வாரியாக் கூட்டுனா வேற வருதுங்களே?" அவர் திரையில் அட்டவணை எக்ஸ்எல்லோடு நின்றிருந்தது. டபுள் எக்ஸ்எல்லும் ட்ரிபிள் எக்ஸ்எல்லும் வலது பக்கம் மறைந்து கிடந்தன. "வலது பக்கம் தள்ளிப் பாருங்கண்ணா" என்றேன். "தள்றதுக்கு எங்கீங்க புடிக்கிறது?" என்று கேட்டார்.

அந்த அட்டவணையின் ஸ்க்ரோல்பாரை, அதாவது பிடித்துத் தள்ளுகிற பட்டையை, கண்ணுக்கே படாத அளவு மெலிய வைத்தவள் நான்தான். 4 பிக்சல் உயரம், வெள்ளைத் தடத்தின் மேல் வெளிர் சாம்பல் பிடி (பிடி என்பது நாம் இழுக்கும் துண்டு, தடம் அது ஓடும் பாதை). என் மேக்கில் இரண்டு விரலால் தடவினாலே அட்டவணை நகரும், அதனால் பட்டையைப் பிடித்து இழுக்கும் வேலையே எனக்கு வந்ததில்லை. அவரிடம் இருந்தது பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரும், சக்கரம் மேலும் கீழும் மட்டும் உருளும் மவுஸும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு உருட்டினால் பக்கவாட்டில் போகும்தான், ஆனால் துணி வெட்டுகிறவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. போதாக்குறைக்கு எக்ஸ்எல் கட்டம் அட்டவணை இருக்கும் பெட்டியின் ஓரத்தோடு கச்சிதமாக முடிந்துவிட்டதால், அதற்கப்புறமும் கட்டம் இருக்கிறது என்று காட்ட எதுவுமே இல்லை. அவர் கூட்டிப் பார்த்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால் லே (அடுக்கி விரித்த துணி) வெட்டி முடித்த பிறகு, விடுபட்ட சைஸுக்கு அதே ஷேடில் துணி தேடி டையிங்குக்கு ஓட வேண்டியிருந்திருக்கும்.

ஒரு பெட்டிக்கு மட்டும் ஸ்க்ரோல்பாரின் நிறமும் அகலமும் மாற்ற, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் இப்போது இரண்டே பண்புகள் போதும். ஸ்க்ரோல்பார்-கலர், ஸ்க்ரோல்பார்-விட்த். முதலாவதில் இரண்டு நிறம் தர வேண்டும், முதலில் பிடி, அடுத்து தடம். இரண்டாவதில் ஆட்டோ (வழக்கமான அளவு), தின் (மெலிது), நன் (பட்டையே வேண்டாம்) என மூன்றே மதிப்புகள், பிக்சல் கணக்கு கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் 2018-லேயே இவற்றைக் கொண்டுவந்துவிட்டது, குரோம் 121-ஆம் பதிப்பில், 2024 ஜனவரியில்தான் சேர்த்தது. அதுவரை வெப்கிட்-ஸ்க்ரோல்பார் என்று தொடங்கும் பழைய முறைதான் குரோமில் நமக்குக் கை கொடுத்தது, ஃபயர்ஃபாக்ஸ் அதை ஏற்றுக்கொண்டதே இல்லை.

இரண்டையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். புதுப் பண்பில் ஆட்டோ தவிர வேறு எதையாவது வைத்தால், புதிய குரோம் பழைய வெப்கிட் விதிகளைக் கண்டுகொள்ளாது. 'நேற்று வரை வளைந்திருந்த ஓரம் இன்று எங்கே போனது' என்று நம் ஆட்கள் மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான். இதில் ஸ்க்ரோல்பார்-கலர் மரபாக உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கும் இறங்கும், விட்த் இறங்காது. பக்கம் முழுவதற்குமாக நிறத்தைப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு பெட்டிக்கு மட்டும் வெப்கிட் அலங்காரம் எழுதினால் அது வேலை செய்யாது. தேவைப்படும் பெட்டிக்கு மட்டும் ஒரு கிளாஸ் வைத்து அதில் எழுதுங்கள், பழைய பிரவுசருக்கான வெப்கிட் விதிகளை, புதுப் பண்பு தெரியாத பிரவுசரில் மட்டும் வேலை செய்யும்படி, சப்போர்ட்ஸ் நிபந்தனைக்குள் தனியாக வையுங்கள்.

நிறம் விஷயத்தில் நான் இப்போது கொஞ்சம் பிடிவாதக்காரி. வெப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதிகள் இப்படிப்பட்ட கருவிகளுக்குப் பக்கத்து நிறத்தோடு குறைந்தது 3-க்கு 1 என்ற வேறுபாடு கேட்கின்றன. வெள்ளைத் தடத்தில் #ccc என்ற வெளிர் சாம்பல் வைத்தால் 1.6 தான் வரும், #767676 என்ற அடர் சாம்பல் வைத்தால் 4.5 கிடைக்கும். பிரவுசர் தானாகப் போடும் பட்டைக்கு விலக்கு உண்டு, ஆனால் நாம் கை வைத்த பிறகு அது நம் பொறுப்பு. நன் என்ற மதிப்பை அட்டவணைகளில் நான் தொடுவதே இல்லை. பட்டை மறைந்தாலும் பெட்டி நகரும்தான், ஆனால் நகரும் என்று யாருக்குத் தெரியும்?

மாஸ்டரின் அட்டவணையில் இப்போது விட்த் ஆட்டோவிலேயே இருக்கிறது, பிடி கரும்பச்சை, தடம் வெளிர் நிறம். கட்டங்களின் அகலத்தைக் கொஞ்சம் மாற்றி, அவர் திரையில் டபுள் எக்ஸ்எல் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும்படி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தாலே கை தானாகத் தள்ளப் போகும். கீபோர்டில் நகர்த்துகிறவர்களுக்காகப் பெட்டிக்கு டேப்இண்டெக்ஸ் 0 கொடுத்தாயிற்று. வரிசைகள் கூடும்போது மேலும் கீழும் நகர்த்தும் பட்டை வலது ஓரத்தில் முளைத்து எண்களை இடதுபுறம் தள்ளாமல் இருக்க, அதற்கான இடத்தை முன்பே ஒதுக்கி வைக்கும் ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள்.

மேக்கில் வேலை செய்கிறவர்கள் செட்டிங்ஸில் அப்பியரன்ஸுக்குப் போய் ஸ்க்ரோல்பாரை எப்போதும் காட்டு என்று மாற்றிவிட்டு, ஒரு சாதா மவுஸைச் செருகி, சக்கரத்தைத் தொடாமல் உங்கள் அட்டவணையின் கடைசிக் கட்டம் வரை இழுத்துப் பாருங்கள்.